மட்சுமோட்டோவில் செய்த ஃபெண்டர்: ஒரு பேஸ் கிட்டாரின் தரமும் பெயரும் விலையும்

1982இல் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம், தன் கிட்டார்களையும் பேஸ்களையும் அப்படியே நகலெடுத்து விற்றுக்கொண்டிருந்த ஜப்பானியர்களிடமே போய், இனி அவற்றை என் பெயரிலேயே செய்து கொடுங்கள் என்று ஒப்பந்தம் போட்டது. எலெக்ட்ரிக் பேஸ் சந்தையில் இன்றுவரை நடக்கும் விலைச் சண்டை, 'எந்த நாட்டுத் தயாரிப்பு' என்ற வாக்குவாதம், பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கம் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்வைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் போதும். பழைய பேஸ்களை வாங்கி, விற்று, வாசிக்கிற பலரிடம் 'ஜப்பான் என்றால் நல்லது, கொரியா என்றால் சுமார், இந்தோனேசியா என்றால் மலிவு' என்றொரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தப்பு என்பது என் கருத்து. ஏன் தப்பு என்பதை இந்த நிகழ்வே காட்டும்.

பின்னணி

லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை 1951இல் கொண்டுவந்தார். ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் ஒரு கருவி கிடைத்தது. கழுத்தில் ஃப்ரெட் என்ற குறுக்கு உலோகப் பட்டைகள் இருந்ததால் சுருதி பிசகாமல் வாசிக்க முடிந்தது. 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று உலகத்தில் விற்கும் பேஸ்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இந்த இரண்டின் வாரிசுகள்தான்.

1965 ஜனவரியில் ஃபெண்டர் நிறுவனத்தை அமெரிக்க வானொலி, தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. உற்பத்தி பெருகியது, கவனிப்பு குறைந்தது. 1970களின் நடுவில் ஜாஸ் பேஸின் கழுத்தை உடலோடு சேர்க்கும் திருகுகள் நான்கிலிருந்து மூன்றாயின. அந்த அமைப்பே கெட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் கழுத்து உட்காரும் குழி சரியாக வெட்டப்படாத கருவிகளில் மூன்று திருகு தாங்கவில்லை. கழுத்து பக்கவாட்டில் நகர்ந்தது. பூச்சு தடித்தது, பல உடல்களின் எடையும் கூடியது. இதற்கிடையே லியோ ஃபெண்டரே வெளியே போய், மியூசிக் மேன் பெயரில் 1976இல் ஸ்டிங்ரே பேஸைக் கொண்டுவந்து, தன் பழைய நிறுவனத்துக்குப் போட்டியாக நின்றார்.

இதே காலத்தில் ஜப்பானில் வேறு கதை. நாகானோ மாவட்டத்து மட்சுமோட்டோவில் 1960இல் தொடங்கிய ஃபூஜிஜென் காக்கி, ஹமமட்சுவில் டோக்காய் போன்ற ஆலைகள் முதலில் சுமாரான நகல்களைச் செய்தன. 1970களின் பிற்பகுதிக்குள் அவர்கள் கை தேர்ந்துவிட்டது. பழைய அமெரிக்கக் கருவிகளைப் பிரித்து, அளந்து, மரத்தின் வளைவுவரை பிடித்துவிட்டார்கள். டோக்காயின் 'ஹார்ட் பஞ்சர்' பிரிசிஷன் பேஸின் நகல். அதன் தலையில் இருந்த எழுத்துக்கூட தூரத்திலிருந்து பார்த்தால் ஃபெண்டர் எழுத்து மாதிரியே இருக்கும்.

இதற்கு நீதிமன்றத்தில் ஒரு பதில் முயற்சி 1977இல் நடந்தது. இன்னொரு அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஜப்பானின் ஐபனெஸ் கருவிகளை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மேல் ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. பிரச்சினை கிட்டாரின் தலைப்பகுதி வடிவம். 1978 தொடக்கத்தில் சமரசம் ஆனது. ஐபனெஸ் அதற்கு முன்பே தலையை மாற்றிவிட்டு, சொந்த வடிவங்களில் இறங்கியிருந்தது. வழக்கு போட்டவருக்குக் கிடைத்தது என்ன? நகல் செய்தவன் சொந்தக்காலில் நிற்கும் போட்டியாளனாக வளர்ந்தான், அவ்வளவுதான்.

ஒப்பந்தம்

1981இல் சிபிஎஸ், யமஹாவின் அமெரிக்கக் கிளையிலிருந்து ஜான் மெக்லாரன், பில் ஷுல்ட்ஸ், டேன் ஸ்மித் ஆகியோரை ஃபெண்டருக்குக் கொண்டுவந்தது. இவர்கள் யமஹாவில் இருந்தவர்கள் என்பது முக்கியம். ஜப்பான் ஆலை ஒன்றால் என்ன முடியும் என்பதைக் கேள்விப்பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. அமெரிக்க ஆலையை நவீனப்படுத்தப் பணமும் காலமும் வேண்டும். அதுவரை ஜப்பான் நகல்கள் சந்தையைத் தின்னாமல் இருக்க வேண்டும்.

1982 மார்ச்சில் கான்டா ஷோக்காய், யமானோ காக்கி என்ற இரண்டு ஜப்பானிய வணிக நிறுவனங்களோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பான் உருவானது. செய்து கொடுப்பது ஃபூஜிஜென். இந்தக் கான்டா ஷோக்காய்தான் 'கிரெகோ' என்ற பெயரில் ஃபெண்டர் நகல்களை விற்றுவந்தது. உண்மையான பெயரே கைக்கு வந்த பிறகு நகல் எதற்கு? வழக்குப் போடாமலேயே பெரிய நகல் வரிசை ஒன்று சந்தையிலிருந்து விலகியது. வணிக முடிவு என்று பார்த்தால் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றை இந்தத் துறையில் நான் பார்த்ததில்லை.

முதலில் வந்த கருவிகளின் வரிசை எண் 'ஜேவி' என்று தொடங்கும். 1982லிருந்து 1984 வரை வந்தவை. 57, 62ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ்களையும் 62 ஜாஸ் பேஸையும் பின்பற்றிச் செய்தவை. இதே காலத்தில் அமெரிக்காவின் ஃபுல்லர்ட்டன் ஆலையிலும் அதே பழைய மாடல்களை மறுபடி செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஆக, ஒரே மாதிரி இரண்டு நாட்டில், இரண்டு விலையில்.

தரம் எங்கிருந்து வந்தது

ஜேவி பேஸ்களின் புகழுக்குக் காரணம் கேட்டால், 'ஜப்பான்காரன் கைவேலை' என்பார்கள். கைவேலை இருந்தது உண்மைதான். ஆனால் அதே ஊரில், அதே ஆலையில், அதே ஆட்கள் மலிவான கருவிகளையும் செய்துகொண்டிருந்தார்கள். அவற்றை இன்று யாரும் தேடிப் போவதில்லை.

ஒரு பேஸில் செலவு எங்கே போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். தலைப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம் 34 அங்குலம். நான்கு கம்பியும் சேர்ந்து 80 கிலோவை ஒட்டிய விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆறு கம்பி கிட்டாரைவிட இது நீளமான கழுத்து, ஆகவே மரம் சரியாக உலராவிட்டால் முதலில் முறுக்கிக்கொள்வதும் இதுதான். மரத்தை உலரவைக்கக் காலம் வேண்டும்; காலம் என்றால் கிடங்கில் முடங்கிய பணம். அடுத்து 20 ஃப்ரெட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது, முனைகளை மழுக்குவது, நட்டில் கம்பி உட்காரும் தடங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது. இயந்திரம் உடலை வெட்டித் தரும், கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்புக்குக் குழி தோண்டித் தரும். இந்தக் கடைசி வேலைகளில் மனிதன் எத்தனை நிமிடம் நின்றான் என்பதைத்தான் வாசிப்பவனின் விரல் உணர்கிறது. அந்த நிமிடங்களை ஒதுக்குவது ஆலை இருக்கும் நாடு அல்ல. ஆர்டர் கொடுத்தவன் கொடுத்த விலை.

1982இல் ஃபெண்டர் ஆர்டர் கொடுத்தபோது அதற்குத் தேவைப்பட்டது மலிவு மட்டும் இல்லை. டோக்காய் போன்ற நகல்களைத் தரத்தில் தோற்கடிக்க வேண்டியிருந்தது. அதனால் உயர்ந்த அளவுகோல் கொடுத்தது. மேல் அடுக்கில் அமெரிக்க பிக்கப்புகளையும் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சையும் அனுமதித்தது. ஜேவியின் தரம் அந்த ஆண்டின் வணிகத் தேவையிலிருந்து பிறந்தது.

ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜி கம்பியில் ஐந்தாம், ஆறாம் ஃப்ரெட் பக்கத்தில் ஒரு சுரம் சட்டென்று செத்துப்போகும். பேஸ் வாசிப்பவர்களுக்குத் தெரியும். கழுத்தின் இயல்பான அதிர்வு அந்த இடத்தில் கம்பியின் சக்தியை உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. ஜேவியிலும் உண்டு, ஐந்து மடங்கு விலையுள்ள அமெரிக்கக் கருவியிலும் உண்டு. விலைச்சீட்டைப் பார்த்து இதைக் கணிக்க முடியாது, வாசித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பேருக்குள் இன்னொரு பேர்

சரி, மட்சுமோட்டோவில் நல்ல பேஸ் செய்தாகிவிட்டது. அதைக் குறைந்த விலைக்கு ஃபெண்டர் என்றே விற்றால், ஃபுல்லர்ட்டனில் செய்வதை யார் வாங்குவார்கள்? ஜப்பானுக்குள் விற்கும்போது இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அங்கே மாடல் பெயரிலேயே விலை இருக்கும்: ஜேபி62-75 என்றால் 62 ஜாஸ் பேஸ், 75,000 யென். ஜேபி62-115 என்றால் அதே பேஸ், மேலான பாகங்களோடு, 1,15,000 யென். காசுக்கு ஏற்ற கருவி என்பதை மறைக்காமல் பெயரிலேயே எழுதிவிட்டார்கள். இவ்வளவு நேர்மையான பெயர் வைக்கும் முறையை வேறு எந்தக் கருவிச் சந்தையிலும் நான் காணவில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போதுதான் வேலி தேவைப்பட்டது. மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்கில் வயலினுக்கும் கிட்டாருக்கும் கம்பி செய்துகொண்டிருந்த வி.சி. ஸ்குவையர் என்ற நிறுவனத்தை ஃபெண்டர் 1965இல் வாங்கியிருந்தது. அந்தப் பெயர் சும்மா கிடந்தது. ஐரோப்பாவுக்குப் போன முதல் ஜேவிகளில் தலையில் ஃபெண்டர் என்று பெரிதாகவும், 'ஸ்குவையர் சீரிஸ்' என்று ஓரத்தில் சிறிதாகவும் இருந்தது. கொஞ்ச நாளில் அது தலைகீழானது: ஸ்குவையர் பெரிதாக, 'பை ஃபெண்டர்' சிறிதாக. மரம் அதுவே, ஆலை அதுவே. எழுத்தின் அளவு மட்டும் மாறியது. இன்று பழைய கருவிச் சந்தையில் சிறிய எழுத்து ஸ்குவையருக்குப் பெரிய எழுத்தைவிட அதிக விலை கேட்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஜேவி பேஸுக்கு, மெக்சிகோவில் செய்த புது ஃபெண்டரைவிட அதிகம் கொடுக்கவும் ஆள் இருக்கிறது.

1985இல் சிபிஎஸ் விலகியது. பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கினார்கள். 20 ஆண்டுக்கு முன் சிபிஎஸ் கொடுத்ததைவிடக் குறைவு. அந்த விலையில் பெயரும் வடிவுரிமைகளும் கையிருப்புச் சரக்கும் வந்தன, ஃபுல்லர்ட்டன் ஆலை வரவில்லை. கலிஃபோர்னியாவின் கரோனா நகரில் புதிய ஆலை எழும்பும்வரை அமெரிக்க நிறுவனத்தைக் காப்பாற்றியது மட்சுமோட்டோவிலிருந்து வந்த சரக்குதான். வெளிநாட்டில் செய்ததால் பெயர் கெட்டது என்று புலம்புபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்த இறக்குமதி இல்லாவிட்டால் பெயரே மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம்.

யென் ஏறியது, ஆலை நகர்ந்தது

1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பை இறக்கப் பெரிய பொருளாதார நாடுகள் செய்த பிளாசா ஒப்பந்தம். அதற்கு முன் ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது, 1987இல் 150க்குக் கீழே வந்துவிட்டது. மட்சுமோட்டோவில் யாரும் கூலியை ஏற்றவில்லை, மரமும் அதுவேதான். ஆனாலும் டாலரில் கணக்குப் பார்த்தால் பேஸின் அடக்கவிலை எகிறியது. ஸ்குவையரை அங்கே செய்து கட்டுப்படியாகவில்லை. 1980களின் கடைசியில் அது கொரியாவுக்குப் போனது. இன்னொரு பக்கம் மெக்சிகோவின் என்செனாடாவில் 1987இல் ஃபெண்டர் தன் சொந்த ஆலையைத் திறந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து லாரியில் பாகங்களை அனுப்பிவிடலாம். அதே காலத்தில் 'ஸ்குவையர் II' என்ற பெயரில் சில கிட்டார்கள் இந்தியாவிலும் செய்யப்பட்டன. அது நீடிக்கவில்லை.

கொரிய ஸ்குவையர்கள் பலவற்றில் உடலுக்கு ப்ளைவுட் போட்டார்கள். பிக்கப்பும் கம்பி முறுக்கும் டியூனரும் தரத்தில் இறங்கின. அப்போது பிறந்ததுதான் 'கொரியா என்றால் சுமார்' என்ற பேச்சு. ஆனால் ப்ளைவுட் போடச் சொன்னது கொரியர்கள் இல்லை. 1982இல் டோக்காயோடு போட்டி இருந்தது, நல்லது தேவைப்பட்டது. 1988இல் அந்தப் போட்டி அடங்கிவிட்டது. கற்றுக்கொள்ளும் சிறுவர்களுக்கு மலிவான ஒன்று போதும் என்று ஆர்டர் கொடுத்தவர்கள் முடிவு செய்தார்கள். ஸ்குவையர் என்ற ஒரே பெயருக்கு ஆறே ஆண்டில் இரண்டு மதிப்பு வந்தது இப்படித்தான். கெட்ட பெயர் மட்டும் நாட்டின் தலையில் விழுந்தது.

அந்த நாட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் இந்த ஆய்வை முடிக்க எனக்கு மனமில்லை. கொரியாவில் பல உலகப் பெயர்களுக்குக் கிட்டாரும் பேஸும் செய்து கொடுத்த பெரிய நிறுவனம் கோர்ட். ஃபெண்டரும் ஐபனெஸும் அதன் வாடிக்கையாளர்கள். 1990களிலேயே இந்தோனேசியாவுக்கும் பிறகு சீனாவுக்கும் அது விரிந்தது. 2007இல் இன்ச்சான் ஆலையில் ஆள்குறைப்பு, டேஜான் ஆலை மூடல், அடுத்த ஆண்டு இன்ச்சானும் மூடல். வேலை இழந்தவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2010இல் கலிஃபோர்னியாவின் அனஹைம் இசைக்கருவிக் கண்காட்சிவரை போய் வாசலில் நின்றார்கள். அமெரிக்க இசைக்கலைஞர் டாம் மொரெல்லோ அவர்களுக்கு ஆதரவாக நின்றார். இன்ச்சான் பணிநீக்கம் செல்லாது என்று 2012இல் கொரிய உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஆலையே இல்லாத இடத்தில் வேலைக்கு எங்கே திரும்புவது? டேஜான் வழக்கில், எதிர்காலத்தில் நெருக்கடி வரக்கூடும் என்பதே பணிநீக்கத்துக்குப் போதுமான காரணமாக ஏற்கப்பட்டது. உண்ணாவிரதம், கூரை மேல் போராட்டம் எல்லாம் கடந்து, 2019 ஏப்ரலில்தான் உடன்பாடு வந்தது. 12 ஆண்டுக்கு மேல்.

ஒரு பேஸ் 'எங்கே செய்யப்பட்டது' என்று கேட்கிற நாம், 'அங்கே அதைச் செய்தவர் இப்போது எங்கே' என்று கேட்பதில்லை. கொரிய பேஸ் ஒன்று சுமாராக இருந்தால் அதன் பழியைச் சுமந்ததும் அவர்கள்தான், ஆலை நகர்ந்தபோது நடுத்தெருவில் நின்றதும் அவர்கள்தான்.

பெயருக்குப் போட்ட வேலி

உடல் வடிவத்தைத் தன் வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்ய ஃபெண்டர் முயன்றது. எதிர்த்து நின்றவர்களில் முன்னால் நின்றவர் ஸ்டுவர்ட் ஸ்பெக்டர். அவரே புகழ்பெற்ற பேஸ் தயாரிப்பாளர். 2009 மார்ச்சில் அமெரிக்க வர்த்தகச் சின்ன மேல்முறையீட்டு வாரியம் ஃபெண்டருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிரிசிஷன் பேஸ் உட்பட அந்த உடல் வடிவங்கள் பல பத்தாண்டுகளாக எல்லோராலும் செய்யப்பட்டு, பொதுச்சொத்து ஆகிவிட்டன. அவற்றை ஒரு நிறுவனத்தின் அடையாளமாக மக்கள் பார்ப்பதில்லை என்றது.

இது விலையைப் புரிந்துகொள்ள மிக முக்கியமான தீர்ப்பு என்று நினைக்கிறேன். யார் வேண்டுமானாலும் பிரிசிஷன் பேஸின் உடலை வெட்டலாம். நல்ல பிக்கப் கடையில் தனியாகவே கிடைக்கிறது. மீதி என்ன? தலையின் வடிவமும் அதில் ஒட்டிய பெயரும். வித்தியாசமான விலை வைக்க உரிமையாளரிடம் எஞ்சியிருப்பது அதுதான். அதனால்தான் அந்தப் பெயர் எந்த விலைக்குக் கீழே போகலாம் என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

அந்தக் கண்டிப்பு எல்லை மீறியது பிரிட்டனில் வெளிப்பட்டது. அங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2020 ஜனவரியில் ஃபெண்டர் யூரோப் நிறுவனத்துக்கு 45 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. 2013 முதல் 2018 வரை, இணையத்தில் கிட்டார் விற்கும் கடைகள் ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று நிறுவனம் கட்டுப்படுத்தியது என்பது குற்றம். நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது. அதே துறையில் கேசியோ, ரோலண்ட், கோர்க் நிறுவனங்களுக்கும் இதே மாதிரிக் குற்றத்துக்கு அபராதம் விழுந்தது. கடைக்காரர் தன் லாபத்தைக் குறைத்துக்கொண்டு மலிவாகக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் கொடுக்க முடியாது என்றால், அங்கே நாம் கொடுக்கிற கூடுதல் காசு மரத்துக்கும் போகவில்லை, ஃப்ரெட்டைத் தேய்த்தவருக்கும் போகவில்லை.

பெயருக்குக் கொடுக்கும் காசு முழுக்க வீண் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஃபெண்டர் என்று தலையில் இருந்தால் நாளைக்கு விற்கும்போது பாதிக்கு மேல் கை திரும்பும். பெயர் தெரியாத, ஆனால் அதைவிட நன்றாக வாசிக்கக்கூடிய பேஸை விற்கப் போனால் ஆளே வராது. பண நெருக்கடியில் கருவியை விற்க வேண்டிவரும் இசைக்காரனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேலி நகர்கிறது

2008இல் ஸ்குவையர் 'கிளாசிக் வைப்' வரிசை வந்தது, சீனத் தயாரிப்பு. மறுபடியும் உயர்ந்த அளவுகோல் கொடுத்தார்கள், மறுபடியும் நல்ல பேஸ் வந்தது. 'சீனா என்றால் மட்டம்' என்றிருந்தவர்கள் வாங்கி மேடையில் வாசித்தார்கள். 2019இல் அந்த வரிசை இந்தோனேசியாவுக்கு நகர்ந்தது, தரம் விழவில்லை. ஜப்பானில் 1982இல் நடந்ததுதான் இது, நாடு மட்டும் வேறு.

இடையில் ஜப்பானிலும் ஒரு மாற்றம். 1990களின் பிற்பகுதியில் ஃபெண்டர் ஜப்பான் வேலை ஃபூஜிஜென்னை விட்டு டைனா காக்கிக்கும் டோக்காய்க்கும் போனது. ஹார்ட் பஞ்சர் செய்த அதே டோக்காய்தான்.

கடைசியாக, 2025 தொடக்கத்தில் ஃபெண்டர் 'ஸ்டாண்டர்ட்' என்ற வரிசையை அறிவித்தது. இந்தோனேசியாவில் செய்தது, பாப்லர் உடல், லாரல் விரற்பலகை, 600 டாலர் அளவில் விலை, தலையில் ஸ்குவையர் அல்ல, ஃபெண்டர். 40 ஆண்டாகக் கட்டிக்காத்த வேலியை நிறுவனமே தள்ளி நட்டிருக்கிறது. இன்று கடையில் இந்தோனேசிய கிளாசிக் வைப் ஜாஸ் பேஸும் இந்தோனேசிய ஸ்டாண்டர்ட் ஜாஸ் பேஸும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருக்கிறது. வாங்கப் போகிறவர் இரண்டையும் கையில் எடுத்து, கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் முனை குத்துகிறதா, எல்லா இடத்திலும் சுரம் நிற்கிறதா, நட்டில் கம்பி சிக்குகிறதா என்று பார்க்கட்டும். அப்புறம் தலையில் உள்ள பெயருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.